முழங்காலுக்கு நான்கு விரல் கீழே

பாலாற்றில் தண்ணீரைவிட மணல் லாரிகளே அதிகம் ஓடிக்கொண்டிருந்த ஒரு புரட்டாசி மாதத்தில், செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, கீழ்மிட்டா அரசுப் பள்ளியின் சத்துணவு சமையல்காரி பச்சையம்மாள் நூறு கிலோ இரும்பைத் தரையிலிருந்து தூக்கினாள். அது அவளுடைய முழங்காலுக்கு நான்கு விரல் கீழே வந்து நின்றது. அதற்கு மேல் முடியாமல் அவள் கையை விட்டபோது கம்பி கீழே விழவில்லை. விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அவள் இரண்டு அடி பின்னால் நகர்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். மூலையில் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஜிம் மாஸ்டர் இம்தியாஸ் வந்து குனிந்து, கம்பியின் இரண்டு முனையிலும் மாட்டியிருந்த எடைத் தட்டுகளுக்கும் தரைக்கும் நடுவே துடைப்பத்தை நுழைத்து அந்த இடத்தையும் பெருக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"இன்னிக்கும் அங்கியே நின்னுடுச்சாக்கா?"

"அங்கியே நின்னுடுச்சு."

அஞ்சு மாசமாக அது அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. என்ன, மற்ற நாட்களில் நின்றுவிட்டுத் தடாலென்று விழும். அன்றைக்கு விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் அரிசி களையப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

பச்சையம்மாளுக்கு நாற்பத்து மூன்று வயது. நான்கு வருஷத்துக்கு முன்பு கொதிக்கும் சாம்பார் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கும்போது இடுப்பில் ஏதோ அறுந்ததுபோல் சத்தம் கேட்டு, இரண்டு மாதம் பாயோடு பாயாகக் கிடந்தவள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனி ஆயுசுக்கும் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அஞ்சு கிலோவுக்கு மேல தூக்காத பொம்பள எந்த ஊர்ல இருக்கா டாக்டர் என்று அவள் கேட்டதற்கு, அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடுவது நல்லது என்று பள்ளியில் பக்குவமாகச் சொன்னார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் தணிகாசலமும் அதையே பக்குவமில்லாமல் சொன்னான். அவள் எழுந்து நடக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே, மூடிப்போன தோல் கிடங்கில் இம்தியாஸ் நடத்திவந்த ஜிம்முக்குப் போய், தூக்கக் கத்துக்கணும் என்று நின்றாள். இம்தியாஸ் மாவட்டத்துக்காக எடை தூக்கியவன், தோள் கிழிந்து இருபத்தைந்து வயதில் விட்டவன். தூக்கக் கூடாது என்று சொல்லக் கேட்ட வலி அவனுக்கும் தெரியும். முதல் மூன்று மாதம் அவளை வெறுமனே குனிந்து நிமிர வைத்தான். பிறகு இருபது கிலோ வெறும் கம்பி, நாற்பது, அறுபது, எண்பது. எண்பது தூக்கிய வாரம் அவள் சாம்பார் அண்டாவைத் தனியாளாக இறக்கி வைத்தாள். தொண்ணூற்றேழரைக்கு வந்தபோது நூறு தூக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தொண்ணூற்றேழரை என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது, நூறு என்றால் சொல்லலாம்.

அங்கேதான் நின்றது. தினமும் இழுத்தாள், காலையும் மாலையும் இழுத்தாள், தணிகாசலத்தின் தோல் பெல்ட்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு இழுத்தாள், செருப்போடும் செருப்பில்லாமலும் இழுத்தாள். அஞ்சு மாசம் முழுக்க அவள் எத்தனைக்கு எத்தனை அதிகமாக இழுத்தாளோ, அத்தனைக்கு அத்தனை சரியாக அந்த நான்கு விரல் இடத்திலேயே அது நின்றது.

கம்பி விழாமல் நிற்கிற செய்தி அன்று மத்தியானச் சாப்பாட்டு மணிக்குள் ஊர் முழுக்கப் போயிருந்தது. சாயங்காலம் ஜிம்மில் இளவட்டங்கள் கூடி, முதலில் இரண்டு பேர், பிறகு நான்கு பேர், பிறகு கம்பியில் இடமிருந்தவரைக்கும் ஆள் தொங்கிப் பார்த்தார்கள். அது கீழே இறங்கவில்லை. தோள் கொடுத்துத் தூக்கினார்கள், மேலே ஏறவில்லை. மறுநாள் செங்கல் சூளையிலிருந்து ஜேசிபி வந்து, கிடங்கின் பின்சுவரில் பாதியை இடித்துக்கொண்டு உள்ளே கையை நீட்டி இழுத்ததில் ஜேசிபியின் முன்சக்கரம்தான் தரையைவிட்டுக் கிளம்பியது. பக்கத்துக் கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியர் கம்பியின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு துல்லியமான மட்டத்தைத் தன் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தாசில்தார் அலுவலகத்தில் அது அசையும் சொத்தா அசையாச் சொத்தா என்று இரண்டு நாள் யோசித்து, அசையாச் சொத்து என்று பதிவுசெய்துகொண்டார்கள். அதோடு சந்தேகங்கள் தீர்ந்தன. ஊர் அதைப் பழகிக்கொள்ளத் தொடங்கியது.

முதலில் ஜிம்முக்கு வருகிறவர்கள் அதில் துண்டு காயப்போட்டார்கள். பிறகு ஷூ கம்பெனிக்குப் போகும் பெண் ஒருத்தி, மூன்று தடவை கரு கலைந்தவள், விழாதது அது ஒன்றுதான் என்று சொல்லி ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டுப் போனாள். அவளுக்கு அந்த முறை கரு தங்கியது. அதன் பிறகு கயிறுகள் வந்தன, மரத் தொட்டில்கள் வந்தன, பித்தளை மணிகள் வந்தன, தர்கா தெருவிலிருந்து பச்சைத் துணியும் மாதா கோயில் தெருவிலிருந்து ஜெபமாலையும் வந்தன. பரீட்சையில் விழக் கூடாது என்று பிள்ளைகளும், விழுந்த பல் முளைக்க வேண்டும் என்று கிழவர்களும், கூரை விழாமலிருக்க வேண்டும் என்று ஏரிக்கரைக் குடிசைக்காரர்களும் வந்தார்கள். மினி பஸ் கண்டக்டர்கள் அந்த இடத்தைக் கம்பி நிறுத்தம் என்று கூவினார்கள். பச்சையம்மாள் தெருவில் போனால் எதிரே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். அவள் பரிமாறிய சோற்றைப் பிள்ளைகள் மீதி வைப்பதில்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு அதில் கிடைத்த சந்தோஷம்.

மற்றபடி அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஊருக்கு அது அதிசயமாக இருந்தது; அவளுக்கு அது முடியாமல் போன காரியம். தான் தோற்ற இடத்துக்குப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பூ வைப்பதைப் பார்க்க அவளுக்கு உடம்பு கூசியது. விடியற்காலையில் கூட்டம் சேருவதற்கு முன்பே போய், கயிறுகளை விலக்கிக் கம்பியைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது, உரிந்த இடத்தில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் இழுத்தாள். கம்பி ஒரு நூல் அசையவில்லை. அவள் இழுக்க இழுக்க அது இன்னும் கெட்டியாக நிற்பதுபோல் இருந்தது.

ஒருநாள் இம்தியாஸ் அவள் கையைப் பார்த்துவிட்டு, வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டு, நான்கு வருஷமாக அவள் தூக்கியதை எழுதிவைத்திருந்த நோட்டைப் பிரித்தான். முன்பக்கங்களில் ஒவ்வொரு வாரமும் வேறு வேறாக இருந்தது. கடைசி அஞ்சு மாசத்தில் எல்லாப் பக்கமும் ஒரே பக்கமாக இருந்தது.

"அதே எடை, அதே தூக்கு, அதே நேரம்" என்றான். "உங்க ஒடம்புக்கு இது மனப்பாடம் ஆயிடுச்சுக்கா. தெரிஞ்ச பாடத்தையே திருப்பித் திருப்பி எழுதிகினு இருந்தா எப்பிடி அடுத்த வகுப்புக்குப் போறது?"

"அப்போ இன்னும் கொஞ்சம் கூட இழுக்கறேன்."

"வாணாம். ஒரு வாரம் எதையும் தூக்காதீங்க."

இரும்பைத்தானே சொல்கிறான் என்று நினைத்து அவள் தலையாட்டினாள். அவன் இல்லை என்றான். குடம், மூட்டை, அண்டா, துணி வாளி, எதையும். எட்டு மணி நேரம் தூங்க வேண்டும், சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும், மிச்சம் மீதியைச் சாப்பிடக் கூடாது. ஓய்ந்திருக்கும்போதுதான் உடம்பு வளரும் என்றும், அவள் உடம்புக்கு ஓய்வு என்று ஒன்று இதுவரைக்கும் கிடைத்ததே இல்லை என்றும், இத்தனை நாள் அதைத் தான் கேட்காமல் விட்டது தன் தப்பு என்றும் சொன்னான். நூறு கிலோவைத் தூக்குவதைவிட இது கஷ்டமாக இருக்கும் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

அந்த ஒரு வாரத்தைப் பற்றிக் கீழ்மிட்டாவில் கம்பியைப் பற்றிப் பேசியதைவிட அதிகம் பேசினார்கள். அந்தரத்தில் நின்ற இரும்பை மூன்று வாரத்தில் ஏற்றுக்கொண்ட ஊருக்கு, பச்சையம்மாள் காலை ஏழு மணிக்குத் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடிப்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டவர்களிடம் ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லை என்றால் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டவர்களிடமும் ஒன்றுமில்லை என்றாள். தெருக்குழாயில் தணிகாசலம் குடத்தோடு வரிசையில் நின்றான். முதல் நாள் இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் வைத்துச் சட்டையெல்லாம் நனைந்து, கோபத்தில் குடத்தைத் திண்டில் போட்டு நசுக்கினான். இரண்டாம் நாள் நசுங்கிய குடத்தோடேயே வரிசையில் நின்றான். மூன்றாம் நாள், இத்தனை குடமா தினமும் எடுத்தாய் என்று கேட்டான். ஆமாம் என்றாள். பள்ளியில் அண்டாவை இறக்க இரண்டு ஆசிரியர்கள் வந்தார்கள். ஒவ்வொரு நாளும் அதை இறக்கிவிட்டு இருவரும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள். அவள் எட்டு மணிக்கே படுத்தாள். முதல் இரண்டு நாள் தூக்கம் வராமல் புரண்டாள். மூன்றாம் நாள் வந்த தூக்கம், முப்பது வருஷமாக வாசலிலேயே காத்துக்கொண்டிருந்ததுபோல் வந்து அவள் மேல் விழுந்தது.

எட்டாம் நாள் காலையில் உள்ளங்கை ஆறியிருந்தது. ஜிம்மில் பக்தர்கள் வரிசை நின்றதால், பயிற்சியை இம்தியாஸ் வீட்டுப் பின்கட்டில் முருங்கை மரத்தடிக்கு மாற்றிக்கொண்டார்கள். நூறைத் தூக்க வேண்டியிருக்கும்போது அவன் கம்பியில் ஐம்பது கிலோவைப் போட்டான். அவளுக்கு முகம் சுருங்கியது.

"எம்மேல நம்பிக்கை போயிடுச்சா?"

"கம்பி மேலதான் நம்பிக்கை போயிடுச்சு" என்றான். "உங்களுக்கு இடுப்பு பலமா இருக்கு, தொடை சோம்பேறியா இருக்கு. எல்லாத்தையும் இடுப்பே இழுக்குது. முழங்காலாண்ட வந்ததும் அதுக்கு ஆள் வேணும், ஆள் இல்ல. நாம ஒண்ணு பண்ணலாம். அது நம்மள நிறுத்தறதுக்கு முன்னாடி நாம அத நிறுத்தலாம்."

அப்படித்தான் செய்தார்கள். செங்கல் மேல் ஏறி நின்று, இன்னும் ஆழத்திலிருந்து ஐம்பதைத் தூக்கி, முழங்காலுக்கு நான்கு விரல் கீழே வேண்டுமென்றே நிறுத்தி, மூன்று எண்ணிவிட்டு மேலே கொண்டுபோவாள். ஒருநாள் விட்டு ஒருநாள், கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவாள். நடுவில் வரும் நாட்களில் நடப்பதோடு சரி. மூன்று வாரம் எடையை ஏற்றினால் நான்காம் வாரம் குறைப்பார்கள். அவள் பயந்த இடம் எதுவோ அங்கேயே நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணி எண்ணி, அந்த இடத்தின் மேல் இருந்த பயம் தேய்ந்து, அது வெறும் இடமாக ஆனது. பயிற்சி முடிந்ததும் இம்தியாஸின் அம்மா ஒரு கிண்ணம் ஆட்டுக்கால் சூப்பும் இரண்டு முட்டையும் கொண்டுவந்து வைத்து, அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருப்பார். யாரோ தனக்கு எதிரே உட்கார்ந்து தான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பச்சையம்மாளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

கார்த்திகையில் பாலாற்றில் தண்ணீர் வந்தது. மேற்கே மழை பெய்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கம்பி நின்றதால்தான் ஆறு வந்தது என்று ஊர் முடிவுசெய்துவிட்டது. ஆறு மட்டுமல்ல, அந்த மழையில் ஒரு குடிசைகூட விழவில்லை, யாரும் படியில் தவறி விழவில்லை, ஷூ கம்பெனியில் ஆள் குறைப்பு நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கம்பியோடு கட்டினார்கள். கம்பி விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று முதலில் யார் கேட்டார்கள் என்று தெரியாது. கேட்ட நாளிலிருந்து ஊருக்குத் தூக்கம் போயிற்று. கவுன்சிலர் கோதண்டம் கூட்டம் போட்டுப் பேசி, தை முதல் வெள்ளியன்று கம்பிக்குக் கீழே கான்கிரீட் மேடை கட்டி, தட்டுகளைப் பாதி வரைக்கும் அதில் புதைத்து, நிரந்தரமாகப் பிரதிஷ்டை செய்வது என்று முடிவெடுத்தார். ஜிம்மை மூடிவிட்டுக் கிடங்கை மண்டபமாக்க, கிடங்குக்காரரும் சம்மதித்துவிட்டார். இம்தியாஸிடம் யாரும் கேட்கவில்லை.

கோதண்டம் பழத்தட்டோடு பச்சையம்மாள் வீட்டுக்கு வந்தார். மோசமான ஆளில்லை, ஏரிக்கரைக் குடிசையில் பிறந்தவர், கூரை விழுந்து ஒரு தங்கையைப் பறிகொடுத்தவர். நீதான் அதை நிறுத்தியவள், உன் கையாலேயே முதல் சட்டி சிமெண்டைப் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

"நான் நிறுத்தலீங்க" என்றாள். "என்னால முடியல, அதனால நின்னுச்சு. முடியாததுக்கு மேடை கட்டுவீங்களா?"

"ஊருக்கு ஒரு பிடிமானம்மா அது."

"எனக்கும் அது பிடிமானந்தான். நான் அத இன்னும் தூக்கி முடிக்கல."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து தெருவில் அவளைப் பார்த்து யாரும் செருப்பைக் கழற்றவில்லை. குழாயடியில் தணிகாசலத்திடம், உன் பொண்டாட்டிக்குச் சொல்லி வை என்றார்கள். அவன் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, நீங்களே சொல்லுங்க, எனக்குத் தண்ணி எடுக்கற வேலை இருக்கு என்றான்.

தை முதல் வெள்ளி காலை எட்டு மணிக்குக் கிடங்கு முழுக்க ஜனம். நாதஸ்வரம் வந்திருந்தது, புரோகிதரும் வந்திருந்தார், தர்காவிலிருந்தும் மாதா கோயிலிலிருந்தும் பெரியவர்கள் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கொத்தனார் முனிரத்தினம் ஜல்லியும் சிமெண்டும் கலந்து தயாராக வைத்திருந்தார். பச்சையம்மாள் டிராக் பேன்ட்டும் தணிகாசலத்தின் காக்கிச் சட்டையும் போட்டுக்கொண்டு, பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு உள்ளே வந்தாள். நாதஸ்வரம் நின்றது.

கோதண்டம் குறுக்கே வந்தார். அவர் குரல் கெஞ்சியது. "விழுந்துடும், பச்சையம்மா."

"விழாது. நான் எறக்கி வெப்பேன்."

"ஊருக்கு எதுனா ஆச்சுன்னா?"

"ஊருக்கு எப்பவும் எதுனா ஆயிகினுதான் இருக்கு. அப்பல்லாம் யார் தூக்கினாங்களோ அவங்களே தூக்குவாங்க." அவள் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். குழாயடிப் பெண்கள், ஷூ கம்பெனிப் பெண்கள், வயிறு தெரியத் தொடங்கியிருந்த அந்த முதல் மஞ்சள் கயிற்றுக்காரி. "தள்ளுங்க" என்றாள்.

கோதண்டம் தள்ளவில்லை. வயிற்றுக்காரிதான் முன்னால் வந்து, அவர் முழங்கையைத் தொட்டு, அண்ணே, வழி விடுங்க என்றாள். அவர் அவளையும் அவள் வயிற்றையும் பார்த்தார். பிறகு நகர்ந்தார்.

இம்தியாஸ் மணிகளையும் தொட்டில்களையும் அவிழ்க்கப் போனான். எப்படியும் பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும், நூறுக்குத்தானே பயிற்சி செய்தோம் என்றான். அவள் வேண்டாம் என்றாள். கட்டியவர்கள் நம்பித்தான் கட்டினார்கள், அது பாட்டுக்கு இருக்கட்டும். கயிறுகளை மட்டும் இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கைக்கு இடம் பண்ணிக்கொண்டு, காலை ஊன்றி, உட்கார்ந்து, பிடித்தாள். மற்ற எடைகளைத் தரையிலிருந்து தூக்கும்போது கிளம்புகிற வேகம் கொஞ்சம் உதவும். இது வேகம் செத்துப்போன இடத்திலேயே நின்றிருந்தது. அந்த இடத்தில்தான் அவள் மூன்று மாதமாகக் குடியிருந்தாள். ஒன்று என்று எண்ணினாள். தொடை விழித்துக்கொண்டது. இரண்டு. இடுப்பு, நானும் இருக்கிறேன் என்றது. மூன்று எண்ணியபோது ஒரு மணி லேசாகக் கிணுங்கியது.

பிறகு எல்லா மணிகளும் கிணுங்கின. கம்பி முழங்காலைத் தாண்டியது. தாண்டும்போது அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் பிரசவ வலிச் சத்தம்போல இருந்தது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். சாம்பார் அண்டாவை இறக்கும்போது வருகிற சத்தம்தான் என்று பள்ளிக்கூடத்துக்காரர்கள் சொன்னார்கள். கம்பி தொடையில் உரசி ஏறியது, அவள் முழங்கால் பூட்டிக்கொண்டது, தோள் பின்னால் போனது, தொட்டில்கள் ஆடின, பச்சைத் துணியும் ஜெபமாலையும் ஆடின. அத்தனை வேண்டுதலையும் பிடித்துக்கொண்டு பச்சையம்மாள் நேராக நின்றாள். இம்தியாஸ் இறக்குங்கள் என்று சொன்ன பிறகும் இரண்டு மூச்சு நின்றாள். பிறகு போடாமல், கை நழுவவிடாமல், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் தரையில் கொண்டுவந்து வைத்தாள்.

ஜனம் கூரையைப் பார்த்தது. கூரை இருந்தது. ஆற்றின் பக்கம் ஆளனுப்பினார்கள், ஆறு இருந்தது. வயிற்றுக்காரி தன் வயிற்றின் மேல் கையை வைத்துக் காத்திருந்துவிட்டு, உதைக்குது என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். கடைசியில் கொத்தனார் முனிரத்தினம்தான், கலந்த சிமெண்ட் இறுகிக்கொண்டிருக்கிறது, கொட்டுவதா வேண்டாமா சீக்கிரம் சொல்லுங்கள் என்றார்.

எல்லோரும் கோதண்டத்தைப் பார்த்தார்கள். கோதண்டம் பச்சையம்மாளைப் பார்த்தார்.

"இங்கியே கொட்டுங்க" என்றாள் அவள். "தரையெல்லாம் குழியா கெடக்குது, நின்னு தூக்கக் கால் நிக்க மாட்டுது. ஆறடிக்கு எட்டடி, மட்டம் பார்த்துப் போடுங்க."

கம்பியைச் சுவரோரம் நகர்த்திவிட்டு மேடை போட்டார்கள். பத்து நாளைக்கு இதன் மேல் எடை வைக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் முனிரத்தினம். தணிகாசலம் காலையும் மாலையும் வந்து ஊற்றினான். பச்சையம்மாளும் அந்தப் பத்து நாள் எதையும் தூக்கவில்லை.

பதினோராம் நாள் காலையில் மேடையைச் சுற்றிக் குழாயடியிலிருந்தும் ஷூ கம்பெனியிலிருந்தும் வந்த ஒன்பது பெண்கள் நின்றார்கள். பச்சையம்மாள் நூற்றுப் பதினைந்து போடச் சொன்னாள். அது முழங்காலுக்குக் கீழே, வேறொரு இடத்தில், நின்றது. அவள் கையை விட்டதும் எல்லா இரும்பையும் போலத் தடாலென்று விழுந்தது. பெண்கள் பின்வாங்கினார்கள். அவள் கையை உதறிக்கொண்டு, இரண்டு பக்கமும் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"எழுவதுல இருந்து புதுசா ஆரம்பிப்போம்" என்றாள் இம்தியாஸிடம். பிறகு திரும்பி, "யார் மொதல்ல வர்றீங்க?" என்று கேட்டாள்.